காசு கொடுத்தும் அறிவுரை கிடைக்கவில்லையா? தெரபிஸ்ட்டிடம் முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும்!

'ஒரு மணி நேரம் நானேதான் பேசினேன். அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில என்ன செய்யணும்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?'

தனியார் தெரபிஸ்ட்டை முதல்முறை பார்த்துவிட்டுப் படியிறங்கும் பலருடைய மனதில் ஓடுவது இதுதான். இரண்டாவது அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகாமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 'நமக்கு இதெல்லாம் சரிப்படாது' என்று முடிவுகட்டி, பழையபடி ராத்திரி இரண்டு மணி வரை போனைத் தேய்த்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மனக்கஷ்டம் என்றால் யாரிடமாவது போய்ச் சொல்வதும், 'இப்படிப் பண்ணு' என்று அவர் வழிசொல்வதும்தான் நம் வழக்கம். பெரியப்பா சொல்வார், ஜோசியர் சொல்வார், எதிர்வீட்டு அக்கா கேட்காமலே சொல்வார். டாக்டரிடம் போனால் ஐந்தே நிமிடத்தில் மருந்துச்சீட்டு கைக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு தெரபிஸ்ட் முன்னால் போய் உட்கார்ந்தால் முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அங்கே நடப்பது வேறு வேலை. அது என்ன வேலை என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், நல்ல தெரபிஸ்ட்டை அவசரப்பட்டு விட்டுவிடவும் மாட்டோம். மோசமானவரிடம் மாதக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருக்கவும் மாட்டோம்.

போர்டைப் பார்த்து ஏமாறலாமா?

முதல் குழப்பம் வாசலிலேயே தொடங்கும். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் உளவியலில் மேற்படிப்பும், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய எம்.ஃபில். போன்ற படிப்பும் முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மாத்திரை தர மாட்டார். பேச்சுவழிச் சிகிச்சைதான் இவர் வேலை. பதிவு எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுவார். அதை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் மூன்றாவது ரகத்தில்தான். கவுன்சலர், தெரபிஸ்ட், லைஃப் கோச், ஹீலர் என்று விதவிதமான பெயர்களில் போர்டுகள் இருக்கின்றன. எம்.எஸ்சி. உளவியலோ எம்.எஸ்.டபிள்யூ-வோ படித்து, வருடக்கணக்கில் பயிற்சி எடுத்த அருமையான ஆலோசகர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி இன்ஸ்டாகிராமில் கடை விரித்தவர்களும் இதே பட்டியலில்தான் உண்டு. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், ஆலோசகர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது இருந்தும், டாக்டர் என்று போர்டு மாட்டுவதைவிட கவுன்சலர் என்று மாட்டுவது சுலபம் என்பதே இன்றைய நிலைமை.

அதனால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சில விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. என்ன படித்திருக்கிறீர்கள், எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள், என்னுடைய மாதிரிப் பிரச்னையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தயங்காமல் கேட்கலாம். இதைக் கேட்டதற்கே கோபப்படுகிறவரிடம் வேறு எதையும் மனம்விட்டுப் பேச முடியாது.

மொழியையும் கேட்க வேண்டும். ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவருக்கும், 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது', 'வயித்தைக் கலக்குது' என்பதெல்லாம் தமிழில்தான் வரும். அப்பாவிடம் திட்டு வாங்கியது தமிழில் என்றால் அந்த வலியும் தமிழில்தான் இருக்கும். அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போதே பாதி ஆறிப்போய்விடும். எந்த மொழியில் தன்னை மறந்து அழ முடியுமோ, அந்த மொழி தெரிந்தவராகத் தேடுவது புத்திசாலித்தனம்.

அப்புறம், ஃபீஸ். ஊருக்கும் ஆளுக்கும் தகுந்தபடி ஒரு செஷனுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரங்கள் வரை போகும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்பதால், மாதத்துக்கு நான்கால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டுப் பணமில்லாமல் பாதியில் நிறுத்துவது, காயத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கட்டுப்போடாமல் வருவது மாதிரி. வருமானம் குறைவு என்று சொன்னால் ஃபீஸைக் குறைத்துக்கொள்கிற தெரபிஸ்ட்டுகள் உண்டு. கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் முழுப்பணமும் கட்ட வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். பலர், 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

'இன்ஷூரன்ஸ் இருக்கே?' என்று கேட்கலாம். உடல்நோய்க்குத் தருவதைப்போலவே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால், நம்மில் பலர் வைத்திருக்கும் பாலிசிகள் மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவதற்குத் தருமா என்று பாலிசியைப் புரட்டிப் பார்க்காமல் நம்பிவிடக் கூடாது.

முதல் நாள், முழுக்கக் கேள்விகள்

ஒரு செஷன் பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். முதல் நாளில் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, சாப்பிடும் மாத்திரைகள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்ற விவரங்களோடு, சிகிச்சைக்குச் சம்மதம் என்ற கையெழுத்தும் அதில் இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடும் நம் வழக்கத்தை இங்கேயாவது ஒதுக்கி வைக்கலாம்.

அதன் பிறகு கேள்விகள். தூக்கம் எப்படி இருக்கிறது? பசிக்கிறதா? எப்போதிலிருந்து இப்படி? வீட்டில் யார் யார்? குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநலப் பிரச்னை இருந்ததா? குடிப்பழக்கம் உண்டா? தைராய்டு பரிசோதித்தீர்களா? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். தைராய்டு சுரப்பு குறைந்தால் வரும் சோர்வும் மந்தமும், பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியதை ஆறு மாதம் பேசிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை அல்லவா?

சிலர் கேள்வித்தாளும் கொடுப்பார்கள். அதிகம் பயன்படுவது, 'பி.ஹெச்.க்யூ-9' என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. பத்துக்கு மேல் போனால் தெரபிஸ்ட் கூடுதல் கவனம் எடுப்பார். இதே தாள் இணையத்திலும் கிடைக்கிறது என்பதால், வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டு 'எனக்கு டிப்ரஷன்' என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் எப்படியோ, இது அப்படி. காய்ச்சல் இருப்பதைக் காட்டும். எதனால் வந்தது என்று சொல்லாது.

தற்கொலை எண்ணம் வந்ததா என்ற கேள்வியும் வரும். பலர் அதிர்ந்துபோவது இந்த இடத்தில்தான். 'என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?' என்று கோபமும் வரும். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. இருக்கிறவருக்கு, கடைசியில் யாரோ ஒருவர் நேராகக் கேட்டுவிட்டாரே என்று மூச்சு வரும். உண்மையைச் சொல்வதால் போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரையே, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்றுதான் 2017-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இப்படி ஒரு மணி நேரம் ஓடிவிடும். அறிவுரைக்கு அதில் நேரமே இருக்காது, இருக்கவும் கூடாது. கதையை முழுதாகக் கேட்பதற்கு முன்பே 'வேலையை விட்டுடுங்க', 'டைவர்ஸ் வாங்கிடுங்க' என்று சொல்லும் தெரபிஸ்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆன்லைன் செஷன் என்றால் வேறொரு தலைவலி. இரண்டு பெட்ரூம் வீட்டில் மாமியார், குழந்தை, டிவி எல்லாவற்றுக்கும் நடுவே எங்கே உட்கார்ந்து அழுவது? மொட்டை மாடி, நிறுத்திவைத்த கார், ஆபீஸில் காலியாக இருக்கும் மீட்டிங் ரூம் என்று ஆளுக்கொரு இடம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ஹெட்போன் கட்டாயம். பக்கத்து அறையில் ஆள் இருக்கிறார் என்றால் அதைத் தெரபிஸ்ட்டிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், கேள்விகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்வார்.

'என் பையன் என்ன சொன்னான்?'

நம் ஊரில் தெரபி பெரும்பாலும் சறுக்குவது அறைக்கு வெளியில்தான். அப்பா ஃபீஸ் கட்டுகிறார், அம்மா வெளியே நாற்காலியில் காத்திருக்கிறார். பையன் வெளியே வந்ததும் முதல் கேள்வி: 'என்ன கேட்டாங்க? என்னைப் பத்தி என்ன சொன்னே?' அவன் வாய் திறக்காவிட்டால், மறுநாள் தெரபிஸ்ட்டுக்கே போன். 'நாங்கதானே மேடம் பணம் கட்டுறோம், எங்களுக்குத் தெரியக் கூடாதா?'

கூடாது. வந்தவருக்கு 18 வயது முடிந்துவிட்டால், அவர் அறைக்குள் சொன்னது அவருக்குச் சொந்தம். அதை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருகிறவரின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. கணவன் கேட்டாலும் மனைவி கேட்டாலும், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தி வீட்டார் கேட்டாலும் பதில் ஒன்றுதான். கண்டிப்பான தெரபிஸ்ட்டுகள், 'அவர் என்னிடம் வருகிறாரா இல்லையா என்பதையே அவர் அனுமதி இல்லாமல் சொல்ல முடியாது' என்று போனை வைத்துவிடுவார்கள். பெற்றோருக்கு அது அவமானமாக இருக்கும். ஆனால், மகனுக்குத் தெரபிஸ்ட் மேல் நம்பிக்கை வருவது பல சமயம் அந்த ஒரு போனுக்குப் பிறகுதான்.

இந்த ரகசியத்துக்கு எல்லைகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், அது தன் உயிரானாலும் பிறர் உயிரானாலும், தெரபிஸ்ட் சும்மா இருக்க மாட்டார். குடும்பத்தையோ மருத்துவமனையையோ தொடர்புகொள்வார். நீதிமன்றம் கேட்டால் விவரம் தர வேண்டியிருக்கும். குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளித்தே ஆக வேண்டும். இந்த எல்லைகளை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. சொல்லவில்லை என்றால், 'நான் பேசுவது யாருக்கெல்லாம் போகும்?' என்று கேட்டுவிட்டே பேச்சைத் தொடங்கலாம்.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அப்போதும், பிள்ளை சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஒப்பிக்க மாட்டார்கள். எதைப் பெற்றோரிடம் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று மூன்று பேரையும் உட்கார வைத்து ஆரம்பத்திலேயே பேசிவிடுவார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண்ணின் காதல் கதை தெரபிஸ்ட் வழியாக வீட்டுக்கு வரும் என்று காத்திருப்பது வீண். அப்படி வந்துவிட்டால் அந்தப் பெண் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

இன்னொரு ரகமும் உண்டு. 'மருமகளைக் கொஞ்சம் சரிபண்ணி அனுப்புங்க' என்று மாமியார் அப்பாயின்ட்மென்ட் போடுவது. அறைக்குள் வருகிற மருமகள் சொல்லும் கதையில் யாரைச் சரிபண்ண வேண்டும் என்பது வேறு மாதிரி இருக்கும். தெரபிஸ்ட் வீட்டுக்காரர்களின் ஏஜென்ட் இல்லை. 'எல்லா வீட்லயும் இருக்குறதுதான், அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போங்க' என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னால், அது பெரியப்பா சொல்லும் அதே அறிவுரை. அதற்கு ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அடி, உதை நடக்கும் வீட்டுக்கு அப்படிச் சொல்லி அனுப்புவது ஆபத்தும்கூட.

தன்பாலின ஈர்ப்புள்ள பிள்ளையை 'மாற்றித் தரச் சொல்லி' அழைத்துவரும் பெற்றோரும் இருக்கிறார்கள். அப்படி மாற்ற முயலும் மருத்துவ முயற்சிகளுக்கு 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. 'மாற்றித் தருகிறேன்' என்று சொல்கிறவரிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செஷன் முடிந்து வருகிறவரிடம் ஒரு மணி நேரம் எதையும் கேட்காமல், காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது, செய்வது சிரமம்.

இரண்டாவது, மூன்றாவது வாரம்

முதல் செஷன் முடிந்த அன்று சிலருக்குப் பாரம் இறங்கினாற்போல் இருக்கும். சிலருக்கு முன்பைவிட மோசமாக இருக்கும். பல வருடம் மூடிவைத்திருந்ததைத் திறந்ததில் தலைவலி வரும், அழுகை வரும், 'ஏன்தான் அதைச் சொன்னோமோ' என்று வெட்கம் வரும். இது நடப்பதுதான். அன்று மாலை உறவினர் வீட்டு ரிசப்ஷனுக்கு ஒப்புக்கொள்ளாமல் இருப்பது உத்தமம்.

வேலை சூடுபிடிப்பது இரண்டு, மூன்று வாரங்களில்தான். எந்த முறையில் சிகிச்சை தருகிறார் என்பதைப் பொறுத்து இது மாறும். அதிகம் கேள்விப்படும் சி.பி.டி. முறை, 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது. அதில் வீட்டுப்பாடம் உண்டு. உதாரணத்துக்கு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேனேஜரிடமிருந்து 'நாளைக்குக் கொஞ்சம் பேசணும்' என்று மெசேஜ் வருகிறது. உடனே மனம், 'வேலை போச்சு' என்கிறது. அடுத்த நிமிடம் இ.எம்.ஐ., பிள்ளை ஃபீஸ், ஊரில் இருக்கும் அப்பா முகம் என்று ஓடி, தூக்கம் போகிறது. மறுநாள் பார்த்தால் அவர் லீவு ஷெட்யூல் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார். என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, உடம்பு என்ன செய்தது, அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறதே என்று சலிப்பு வரும். எழுதாமல் போகிறவர்களே அதிகம். ஆனால் இந்தச் சிகிச்சையில் பாதி வேலை நடப்பது அந்த நோட்டில்தான்.

வேறு சில தெரபிஸ்ட்டுகள் வீட்டுப்பாடம் தராமல், சின்ன வயதுக் கதைகளுக்குள் மெதுவாகப் போவார்கள். நடுவில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மௌனமாகவும் இருப்பார்கள். அந்த மௌனம் புதிதாகப் போகிறவரைப் படுத்திவிடும். நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை, சும்மா இருக்கலாம்.

மாத்திரையும் தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். 'அப்போ எனக்குப் பைத்தியமா?' என்று பயந்து தெரபியையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து நடப்பது சாதாரணம்.

மூன்று, நான்கு செஷன் முடிந்ததும் கணக்குப் பார்க்கலாம். 1979-ல் எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். எதற்காக வருகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து இருக்கிறதா, அதற்குச் செய்யும் வேலை சரியென்று படுகிறதா, இந்த ஆளை நம்ப முடிகிறதா? இந்த மூன்றும் இருந்தால், இன்னும் அழுகை வருகிறது, தூக்கம் சரியாகவில்லை என்றாலும் தொடரலாம். பிடித்தமான ஆளாக இருந்து, எதற்காக வருகிறோம் என்றே தெரியாமல் பேச்சு போய்க்கொண்டிருந்தால் அதையும் கேட்டுவிட வேண்டும்: 'நாம எங்கே போயிட்டிருக்கோம்?' நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விக்குச் சங்கடப்பட மாட்டார்.

சில விஷயங்களுக்கு மூன்று செஷன் வரை காத்திருக்க வேண்டாம். மூன்றே செஷனில் சரிசெய்து தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுப்பவர், 20 செஷனுக்கு முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குபவர், சுற்றிவளைத்து என்ன சாதி என்று தோண்டுபவர், வெளியே காபி சாப்பிடக் கூப்பிடுபவர், மற்றவர்களின் கதையை நம்மிடம் சொல்பவர். கடைசி ஆள் நம் கதையையும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார்.

பணம் இல்லை, காத்திருக்க நேரம் இல்லை என்றால்?

தனியார் அப்பாயின்ட்மென்ட் அடுத்த வாரம்தான், ஆனால் இன்றைய ராத்திரியைத் தாண்ட முடியவில்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நடக்கும் சிகிச்சைகளும் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வாய்ப்பு குறைவு. சிகிச்சை கிடைக்கும்.

பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது?

பெரும்பாலானவர்கள் சொல்வதே இல்லை. வாட்ஸ்அப்பில் ப்ளாக் செய்துவிட்டுக் காணாமல்போய்விடுகிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாமே என்ற நம் ஊர் தாட்சண்யம்தான் காரணம். தெரபிஸ்ட்டுக்கு இது புதிதல்ல. 'உங்ககிட்ட பேசுறது எனக்கு ஒத்துவரலை, வேற ஒருத்தரைப் பார்க்கலாம்னு இருக்கேன்' என்று ஒரே வரியில் சொன்னால் போதும். காரணம் சொல்லக் கட்டாயம் இல்லை. கேட்டால் தனக்குத் தெரிந்த இன்னொருவரின் பெயரைச் சொல்வார், இதுவரை நடந்ததைச் சுருக்கமாக ஒரு கடிதமாகவும் எழுதித் தருவார். அதைக் கையில் வாங்கிக்கொண்டால், புது தெரபிஸ்ட்டிடம் சொந்த ஊரிலிருந்தும் சின்ன வயதிலிருந்தும் மொத்தக் கதையையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.